நான் வெள்ளை அடித்த கல்லறை

போன வருடம் செப்டெம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். கனடாவில் ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்குப் போகிற வழியில், புது வீடுகளுக்கு நடுவே ஒரு பழைய சேமக்காலை இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்தக் காலத்தில் இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களைப் புதைத்த இடம். அங்கே புல் வெட்டுவது என் வேலை. ஸ்காபரோவில் இருந்து, கூட வேலை செய்யும் ஒரு அண்ணையின் வான் வண்டியில் இரண்டு பேருமாகப் போவோம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்களோடு பேசக் கூச்சம். யாராவது வந்தால் மெஷினைத் தள்ளிக்கொண்டு மறுபக்கம் போய்விடுவேன். அன்றைக்கும் போனேன். ஆனால் அன்றைக்கு வந்த ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா என் பின்னாலேயே வந்துவிட்டார்.

கையில் தடித்த ஃபைல். தன் பாட்டனுக்குப் பாட்டனைத் தேடி அல்பேர்ட்டாவில் இருந்து வந்திருந்தார். அந்தப் பாட்டன் இங்கிலாந்துப் பட்டாளத்தில் சிப்பாயாம். விலகும்போது இந்தப் பக்கத்தில் காட்டு நிலம் கொடுத்தார்களாம். அவருடைய உயரம், கண் நிறம், இடது கையில் இருந்த வெட்டுக் காயம் எல்லாம் கடதாசியில் இருந்தது. நிலம் கிடைத்த பிறகு ஒரு தகவலும் இல்லை. இங்கே வாழ்ந்தாரா, விற்றுவிட்டுப் போனாரா, ஒருவருக்கும் தெரியாது. அந்த அம்மா பத்து நாளாக இந்தப் பக்கத்துச் சேமக்காலைகளை எல்லாம் பார்த்துவிட்டார். இதுதான் கடைசி. அடுத்த நாள் காலை விமானம். முழங்கால் சரியில்லை, இனி வர முடியாது என்றார்.

பிறகு மூலையில் இருந்த ஒரு சின்னக் கல்லைக் காட்டினார். மற்றதெல்லாம் வாசித்துவிட்டாராம், அதில் மட்டும் எழுத்தே தெரியவில்லையாம். யார் இதற்குப் பெயின்ற் அடித்தது என்று கேட்டார்.

அடித்தது நான்தான்.

எங்கள் ஊரான மன்னாரில் நவம்பர் மாத மரித்தோர் திருநாளுக்கு முன்னர் குடும்பமாகப் போய்க் கல்லறைகளுக்கு வெள்ளை அடிப்போம். வெள்ளை அடிக்காத கல்லறை என்றால் ஆளில்லாத கல்லறை. என் அப்பாவின் கல்லறைக்கு நான் வெள்ளை அடித்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இங்கே பாசி பிடித்துச் சாய்ந்து நின்ற அந்தக் கல்லைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயின்றைக் கொண்டுவந்து அடித்தேன். வருடத்துக்கு ஒரு பூச்சு, ஆறு வருடம். அதில் தேய்ந்த எழுத்து இருந்ததையும், ஒருநாள் யாராவது அதைத் தேடி வரலாம் என்பதையும் நான் யோசிக்கவேயில்லை.

"வன் மினிற்" என்று சொல்லிவிட்டு வானுக்கு ஓடினேன். அண்ணை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு அடங்கவில்லை.

"ஊரிலை அடிச்சது போதாதெண்டு இஞ்சை வெள்ளைக்காரனுக்கும் வெள்ளை அடிச்சனீரோ?"

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டார்.

"இஞ்சை பாரும், உந்தக் கல்லுகளிலை கை வைக்கிறதே பிழை. கொம்பனிக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை இல்லை. தெரியாதெண்டு சொல்லும். மனுசி நாளைக்குப் போயிடும்."

எனக்கு அது சுலபம். இந்த நாட்டில் நான் அதிகம் சொன்ன சொல்லே அதுதான். சொல்லிவிடலாம் என்றுதான் திரும்பிப் போனேன். அந்த அம்மா நோகிற முழங்காலை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மீ. ஐ பெயின்ற்," என்றேன். என் ஊர், நவம்பர், அப்பா என்று தெரிந்த இங்கிலிஷில் உளறினேன். அவருடைய முகம் சிவந்தது. பிறகு, ஏன் இந்தக் கல் என்று மட்டும் கேட்டார். இதற்கு ஒருவரும் வருவதில்லை என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து காருக்குப் போனார். பொலிசுக்குப் போன் அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். துவாய்த் துணியில் சுற்றிய, முகம் பார்க்கிற ஒரு நீளக் கண்ணாடியோடு வந்தார். தேய்ந்த எழுத்தை வாசிக்க அதை வைத்திருக்கிறாராம், பிடிக்கத்தான் ஆள் இல்லையாம். அதில் வெயிலைப் பிடித்துக் கல்லின் மேல் பக்கவாட்டில் விழுத்தும்படி என்னிடம் சொன்னார். நான் பிடித்தேன், வெளிச்சம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"விடும், நீர் பிடிக்கிற பிடியிலை எழுத்தெல்லாம் டான்ஸ் ஆடுது," என்று அண்ணை வந்து மறு நுனியைப் பிடித்தார்.

பெயின்றுக்குக் கீழே இருந்து எழுத்துகள் மெல்லிய நிழலாக எழும்பின. அந்த அம்மா ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னார். குடும்பப் பெயர் வந்ததும் கல்லைப் பிடித்துக்கொண்டார். சிப்பாயின் கல் அல்ல. அவருடைய பெயரைச் சொல்லி, இன்னாரின் மகள், வயது மூன்று என்று வெட்டியிருந்தது. சிப்பாய்க்கு ஒரே மகன் என்றுதான் இவர்கள் வீட்டில் சொல்வார்களாம். இப்படி ஒரு பெண்பிள்ளை இருந்தது எந்தக் கடதாசியிலும் இல்லை. சிப்பாயின் கல்லறை கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் அவர் இங்கேதான் இருந்திருக்கிறார். இங்கே தன் பிள்ளையைப் புதைத்து, கல்லும் நாட்டியிருக்கிறார். நான் சிப்பாய்களுக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவன். ஒரு சிப்பாயை நினைத்து நான் அழுதது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை நாங்களே கொம்பனியில் சொன்னோம். நல்ல ஏச்சு விழுந்தது, வேலை போகவில்லை. இந்த வசந்தத்தில் அந்த வேலை தெரிந்தவர்கள் வந்து பெயின்றைப் பக்குவமாக எடுத்தார்கள்.

பாசத்தில் நான் ஆறு வருடம் பூசியது ஒரு பிள்ளையின் பெயரை மறைத்திருந்தது. அதற்கு மேல் 'தெரியாது' என்ற ஒரு சொல்லையும் அன்றைக்குப் பூசியிருந்தால், அந்த அம்மா அவள் பக்கத்தில் முழங்காலில் இருந்துவிட்டும் அவளை அறியாமலே போயிருப்பார் என்பதை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு பதறுகிறது.