கதவில் மணி வைத்த வண்டி

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே வந்து நீங்களாகக் கண்டுபிடித்தால் அந்தப் பெருமை உங்களுக்குப் போய்விடும். ஏரிக்கரை ஊரில் தவளையோடு தவளையாக வளர்ந்த நான், வற்றிக் கிடந்த ஏரியின் வயிற்றுக்குள் ஒரு மோட்டார் வண்டியை இறக்கி நிறுத்தச் சம்மதம் சொன்னேன். அதுவும் ஆடி மாதத்தில், வாய்க்காலில் புதுத்தண்ணீர் புறப்பட்டு வரும் நாளில். அந்த வண்டியின் பின்கதவில் இருந்த பித்தளை மணி இப்போது என் வீட்டு வாசலில் தொங்குகிறது. பால்காரரிலிருந்து கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வரை எல்லோரும் அதன் கயிற்றை இழுக்கிறார்கள். ஒவ்வொரு முறை அது ஒலிக்கும்போதும் என் முதுகு ஒரு தடவை நனைந்து காய்கிறது. முதுகுக்கும் மணிக்கும் என்ன சம்பந்தம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

வண்டி என் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அறுபதுகளில் திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். பிஸ்டனும் பேரிங்கும் விற்று விற்று, எண்ணெய் போட்டு ஓடாத எதன்மேலும் அவருக்கு மதிப்பு இல்லாமல் போய்விட்டது. மாட்டைக் கண்டால் ஆகாது. மாட்டு வண்டியைக் கண்டால் அறவே ஆகாது. உழவு மாடு வைத்திருந்த குற்றத்துக்காக என் அப்பாவையும் ஆகாது. சொந்த அக்காள் குடும்பத்தை "சாணி மிதிக்கிற கூட்டம்" என்றுதான் சொல்லுவார். அவரும் அதே சாணியை மிதித்து வளர்ந்தவர்தான். செருப்பு மாற்றியதும் காலே மாறிவிட்டதாக நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஒருநாள் கடைக்குச் சாமான் சுற்றி வந்த வெள்ளைக்காரப் பத்திரிகைத் தாள் ஒன்றில் அவர் ஒரு படம் பார்த்தார். ஒரு ஏரி. தண்ணீரைத் தொட்டுக்கொண்டு ஒரு சின்ன வண்டி. வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம். வெளியே மடக்கு நாற்காலிகளில் ஒரு துரையும் துரைசாணியும் டீ குடிக்கிறார்கள், காலடியில் ஒரு நாய். வீட்டை விட்டுவிட்டு வந்து, வீட்டில் குடிக்கிற அதே டீயைக் கொசுக்கடியில் குடிப்பதில் என்ன சுகம் என்று புத்தியுள்ளவன் கேட்டிருப்பான். மாமா படத்தைக் கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார். பட்டாளத்தில் கழித்துக் கட்டிய ஒரு ஆம்புலன்ஸை எங்கிருந்தோ பிடித்துவந்து, செம்மண்டலத்தில் ஒரு பட்டறையில் போட்டு வீடாக மாற்றினார். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டி மாதிரி இரண்டு பலகைகள், மண்ணெண்ணெய் ஸ்டவ், குழாய் வைத்த தகரத் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. தகரக் கூரையின் கீழே உட்கார்ந்தால் இட்லிப் பானைக்குள் இருக்கும் மாவின் மனநிலை புரியும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்கதவில் அந்த மணி. கதவைத் தட்டுவது நாகரிகம் இல்லையாம். உள்ளே இருப்பவர் கையை நீட்டினால் வெளியே நிற்பவரின் மூக்கைத் தொடலாம். ஆனாலும் மணி அடித்துத்தான் ஏறவேண்டும்.

மாமாவுக்கு ஒரே மகள். எனக்கு முறைப்பெண். நான் அப்போது சிதம்பரம் கீழவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டி, மறுபடி மடித்து வைக்கும் உத்தியோகத்தில் இருந்தேன். கல்யாணம் காதுகுத்து என்று அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டாள், முறைக்கவும் மாட்டாள். சந்தையில் பூசணிக்காயைத் தட்டிப் பார்க்கிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. அதையே நான் கனிவு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். எனவே ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் மாமா எங்கள் ஜவுளிக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "உங்க ஊரு ஏரிக்குப் போறோம், ஏர்றா" என்றபோது, பெண்ணே கிடைத்துவிட்டதாக முடிவு கட்டி, என் வாழ்நாளின் முதல் வெள்ளைப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு மணி அடித்து ஏறினேன். உள்ளே அவளும், மாமாவின் மனைவியான என் அத்தையும் இருந்தார்கள். மேற்கே போகும் சாலையில் ஒவ்வொரு பாலம் வரும்போதும் வண்டி மூச்சு வாங்கி நிற்கும். நான் இறங்கித் தள்ளுவேன். பிறகு மணி அடித்து ஏறுவேன்.

எங்கள் ஊர் ஏரி கொள்ளிடத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிரம்புகிற ஏரி. கோடையில் வற்றியதும் வயலுக்கு வண்டல் அள்ள மாட்டு வண்டிகள் உள்ளே இறங்கும். அந்தத் தடம் கரையிலிருந்து சரிவாகக் கீழே போகும். அன்றைக்கு ஏரியின் அடி புல் முளைத்துப் பச்சையாக, பாய் விரித்தாற்போல் கிடந்தது. தூரத்தில் வாய்க்கால் வாய்ப்பக்கம் மட்டும் ஒரு கீற்றுத் தண்ணீர் மின்னியது. கரைமேல் ஆலமர நிழலிருந்தது. கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடே இருந்தது. ஆனால் படத்தில் வண்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு நாற்காலி போடத்தான் இடம் இருந்தது. மாமா தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னாடா, உள்ள எறக்கலாமா?"

பெண் வேண்டி நிற்கிற மருமகனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே வேதம்தான். மாமன் பகலை ராத்திரி என்றால் விளக்கேற்ற வேண்டும். அதுவும் பெண் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது வெறும் ஆமாம் போதுமா?

"தாராளமா எறக்கலாம் மாமா."

அந்தத் 'தாராளமா'வுக்குத்தான் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வண்டி இறங்கியது. நாற்காலிகளை விரித்தோம். ஒன்றில் மாமா அமர்ந்தார். புருஷனுக்குச் சமமாக நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று அத்தை புல்லில் உட்கார்ந்துவிட்டார். படத்தில் நாய் படுத்திருந்த இடம் காலியாக இருந்தது. அங்கே நான் உட்கார்ந்தேன். பிறகு ஆகாரம். சோறு கட்டிவரக் கூடாது என்பது மாமாவின் கட்டளை, ஏனென்றால் படத்தில் சோறு இல்லை. கடலூரில் வாங்கிய ரொட்டியை வறவறவென்று தின்றோம். அத்தை பலகைக்கு அடியில் ஒரு தூக்கில் புளிச்சோறு ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். தாயும் மகளும் மாற்றி மாற்றி உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கும் ஒரு உருண்டை கிடைக்கும் என்று காத்திருந்தேன். நாயாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும்.

சாயங்காலம் ஊருக்குள் தண்டோரா போட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் அதிகம் திறந்தாயிற்று, ஏரிக்குள் இருக்கும் ஆடு மாட்டையெல்லாம் கரையேற்றிக்கொள்ளுங்கள் என்று கரைமேல் நின்று கத்திவிட்டுப் போனான் தண்டோராக்காரன். மாமா காலை ஆட்டிக்கொண்டே, "ஆடு மாட்டுக்குச் சொல்றான்டா, நமக்கு இல்ல" என்றார். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார். பெண்ணாடத்திலிருந்து மறுநாள் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். பையன் பெரிய இடம், காரெல்லாம் இருக்கிறதாம். ஆடியில் பெண் பார்க்க மாட்டார்கள் என்பதால், ஏரிக்கரையில் சும்மா டீ குடிக்க வருவதாக ஏற்பாடாம். நான் எதற்கு என்றால் தண்ணீர் தூக்க, ஸ்டவ்வுக்குக் காற்றடிக்க, வருகிறவர்களுக்கு நாற்காலி விரிக்க. இஸ்திரி போட்ட வெள்ளைப் பேன்ட்டோடு, என் முறைப்பெண்ணை இன்னொருவன் பார்ப்பதற்கு எடுபிடியாக வந்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு உண்மை பேச வந்தது. மாமாவிடம் கெஞ்சினேன். ராவுக்குள் இங்கே தண்ணீர் வந்துவிடும், மண் ஊறிப் பொதுமிவிடும், வண்டியைக் கரையேற்றிவிடலாம் என்றேன். சத்தியமாக அது வண்டிக்காகச் சொன்னது. மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மத்தியானம் தாராளமா எறக்கலாம்னே. பெண்ணாடம்னு சொன்னதும் தண்ணி வந்துடுச்சா?"

சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டவன் முதல்முறையாக இல்லை என்றால், அதையும் எவன் நம்புவான்? ஆனால் ஜன்னல் திரை விலகியது. மாமாவின் மகள் கையை நீட்டி, படியில் கழற்றி வைத்திருந்த தன் செருப்பை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். அவ்வளவு பேரில் நான் சொன்னதைக் கேட்டு ஏதாவது செய்தது அவள் ஒருத்திதான்.

வயசுப் பிள்ளை உள்ளே படுக்க முடியாது என்பதால் எனக்கு வண்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். விடியலில் விழித்தபோது முதுகு சில்லென்று இருந்தது. ஏரிக்குத் தண்ணீர் வந்த செய்தியை ஊரிலேயே முதலில் அறிந்தது என் முதுகுதான். எழுந்து போய் மணி அடித்தேன். முறைப்படி மணி அடித்துத்தானே சொல்ல வேண்டும்.

மாமா இன்ஜினை முடுக்கினார். சக்கரம் சுற்றிய சுற்றில் சேறு என் சட்டையில் அப்பியது. வண்டி இன்னும் ஒரு சாண் கீழே இறங்கியது. மறுபடி முடுக்கினார், மறுபடி இறங்கியது. அதற்குள் ஆடிப்பெருக்குக்கு ஊர்ப் பெண்கள் பூவும் மஞ்சளும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறுமாகக் கரைமேல் வந்து கூடிவிட்டார்கள். புதுத்தண்ணீரைக் கும்பிட வந்தவர்களுக்கு நடுத்தண்ணீரில் ஒரு வண்டி, அதன் முன்னால் கணுக்கால் நீரில் நாற்காலி போட்டு டீ குடிக்கும் மாமா. ஒன்றும் நடக்காத மாதிரி குடித்தார். ஏரிக்குப் பக்கத்தில் வண்டி என்றது படம். ஏரிக்குள்ளேயே வண்டி என்று நாங்கள் படத்தை மிஞ்சிவிட்டோம். கூட்டத்திலிருந்து என் அம்மா தம்பியைக் கூப்பிட்டு, வீட்டு மாட்டைக் கொண்டுவந்து கட்டச் சொல்லவா என்று கேட்டார். "மாடு கட்டித்தான் இது வெளிய வரணும்னா, இது இங்கியே கெடக்கட்டும்" என்றார் மாமா. அத்தையும் மகளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையேறிப் பெண்களோடு உட்கார்ந்து, வெளிப்படையாகவே சோறு தின்ன ஆரம்பித்தார்கள்.

தூரத்தில் கரைமேல் பெண்ணாடத்துக் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்ததும் மாமாவின் கொள்கை தளர்ந்தது. என்னை அருகில் அழைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"சரி, இழுக்கிறது மாடாவே இருக்கட்டும். ஓட்டறது நான்தான்."

ஓடிப்போய் எங்கள் மயிலைக் காளைகள் இரண்டையும் ஓட்டிவந்தேன். நுகத்தைப் பூட்டி, வடத்தை முன் பம்பரில் கட்டி, தொடை அளவு சேற்றில் காளைகளுக்கு நடுவில் நானும் ஒரு காளையாக நின்றேன். வெள்ளைப் பேன்ட் எந்த நிறத்துக்கும் ஆகாத ஒரு நிறத்துக்குப் போயிருந்தது. மாமா உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வலமும் இடமும் திருப்பினார். சும்மா இருந்திருக்கலாம். கார்க்காரர்கள் இறங்குவதைப் பார்த்ததும் கெத்தாக ஹாரனை வேறு அடித்தார். அந்தச் சத்தத்தில் காளைகள் மிரண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தன. சேறு ஒரு பெரிய முத்தம் கொடுத்துவிட்டு வண்டியை விட்டது. நான் வடத்தில் தொங்கிக்கொண்டு வர, பின்கதவு மணி கணகணவென்று அடிக்க, ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டே மாமா கரையேறினார். தேர் வருகிற மாதிரியே இருந்ததால், தண்ணீரில் விட வைத்திருந்த பூவை ஓர் அம்மாள் வண்டியின்மேல் போட்டுக் கும்பிட்டாள்.

பெண்ணாடத்து மாப்பிள்ளை சிரித்தான். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, உட்கார்ந்து எழுந்து சிரித்தான். மாமா இறங்கிவந்து டீ சாப்பிடலாம் என்று அழைத்தார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து மறுபடி சிரித்தான். டீ குடிக்காமலேயே கார் திரும்பியது. கார் போன புழுதியைப் பார்த்துக்கொண்டு மாமா, சிரிக்கிறவனுக்கெல்லாம் பெண் கொடுக்க முடியாது என்று பொதுவாகச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. பம்பர் நசுங்கியதற்கு மட்டும் என்னைத் திட்டினார். ஆனால் தை பிறந்ததும் அவளை எனக்குத்தான் கொடுத்தார்.

அந்த வண்டி அப்புறம் எங்கும் போகவில்லை. செம்மண்டலத்துப் பட்டறைக்குப் பின்னால் கோழிகள் அடைகிற கூண்டாக இருந்து, இரும்பு விலைக்குப் போனது. கோழிகள் மணி அடிக்காமலேயே ஏறி இறங்கின. நான் மணியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தேன். மாமா போய் எத்தனையோ காலமாகிறது. போன வாரம் வெளிநாட்டிலிருக்கும் என் மகன் போனில் ஒரு போட்டோ அனுப்பினான். ஒரு ஏரி, ஒரு சின்ன வண்டி, மடக்கு நாற்காலிகள், காலடியில் நாய்கூட இருக்கிறது. வீட்டில் ஏசியை அணைத்துவிட்டுப் போய்க் காட்டில் கொசு அடிக்கிற இந்தப் பைத்தியம் ரத்தத்திலேயே இருக்கிறது போலிருக்கிறது. அவன் வண்டியில் மணி மட்டும் இல்லை.

போட்டோவை மனைவிக்குக் காட்டலாம் என்று வாசலுக்கு வந்தேன். படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, தாத்தா புத்தி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள். தலைக்கு மேலே மணி காற்றில் லேசாக ஆடியது. இத்தனை வருஷமாக எனக்குள் ஒரு பெருமை உண்டு. ஊரே சிரித்தபோது சிரிக்காதவன், வெள்ளைப் பேன்ட்டைச் சேற்றுக்குக் கொடுத்தவன், மாமன் மானத்தைத் தோளில் இழுத்துக் கரையேற்றியவன் என்று என்னைப் பற்றி அவர் மனதுக்குள் உருகித்தான் பெண் கொடுத்திருப்பார் என்று. அவர் வாயால் கேட்டதில்லை. அவளிடமாவது ஏதாவது சொல்லியிருப்பாரே. மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"உங்கப்பா அப்படி எங்கிட்ட என்னத்தக் கண்டு உன்னைக் குடுத்தாரு?"

அவள் கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"மாடு ரெண்டும் நல்ல மாடுன்னாரு."