வடக்கே தேடினோம், அண்ணன் தெற்கே கிடந்தார்

எங்கள் அண்ணன் இறைவனில் இளைப்பாறி ஓராண்டாகிறது. நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்றார்கள் உறவினர் சிலர். அந்த நாளை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

குமரிக் கடற்கரையில் எங்கள் வீட்டு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா இறந்ததும் படிப்பை விட்டு மீன்பிடி வள்ளம் ஏறினார். தங்கைகளைக் கரையேற்றிய பிறகு ஷார்ஜாவுக்கு வந்து லாஞ்சில் மீன்பிடித்தார். என்னையும் அழைத்து அங்கே ரோலா பகுதியில் ஒரு கடையில் சேர்த்துவிட்டார். கோபம் வந்தால் சாப்பாட்டைத் தள்ளிவைப்பார். யாரும் கெஞ்சாவிட்டால் தானே எடுத்துச் சாப்பிடுவார்.

சென்ற ஆண்டு லாஞ்சின் இஞ்சின் பழுதாகி நடுக்கடலில் நங்கூரம் போட்டுக் கிடந்தபோது அண்ணனுக்கு வயிற்றுவலி கண்டது. முதலாளி ஆபீசின் வயர்லெஸ் செட்டில் தகவல் வந்தது. எங்கள் கடைக்கு மேலிருந்த கிளினிக்கின் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அவர் சொல்லச் சொல்ல நான் செட்டில் கேட்டேன். அதே லாஞ்சில் இருந்த எங்கள் மச்சான், அண்ணன் மனைவியான மைனியின் தம்பி, அண்ணனின் அடிவயிற்றை அழுத்திப் பார்த்துப் பதில் சொன்னார்.

குடல்வால்தான், வெடிக்கும் முன் ஆபரேஷன் செய்தாக வேண்டும், அதுவரை தண்ணீர்கூடக் கூடாது என்றார் டாக்டரம்மா. மீட்புப் படகு கிளம்பியது. அண்ணனே செட்டை வாங்கிப் பேசினார்.

"தம்பி, நாக்கு ஒட்டுவு. கொஞ்சம் தண்ணி தரச் சொல்லுல."

டாக்டரம்மா கூடாதென்று தலையசைத்தார். "வேண்டாம்ணே, படகு வந்துட்டிருக்கு" என்றேன். நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மீன் படும் இடத்தைச் செட்டில் உள்ளபடி சொல்ல மாட்டார்கள். சொன்னால், கேட்டுக்கொண்டிருக்கும் லாஞ்சுகளெல்லாம் அங்கே வந்து குவிந்துவிடும். எங்கே கிடக்கிறீர்கள் என்று ஆபீசில் முதலில் கேட்டபோது மச்சான் வாய்ப் பழக்கத்தில் வடக்கே என்று சொல்லிவிட்டார். அண்ணன் துடித்த துடிப்பில் அதைத் திருத்தவேண்டும் என்ற நினைவே அவருக்கு வரவில்லை. பிறகு செட்டின் பேட்டரியும் தீர்ந்துபோனது.

படகு போன இடத்தில் வெறும் கடல். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. யாராவது பார்த்தீர்களா என்று செட்டிலேயே அழுதேன். வேறொரு லாஞ்சிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் பேசினார்.

"தம்பி, வடக்கன்னு சொல்லியிருந்தா தெக்க பாக்கச் சொல்லு. நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

அதன்பின் ஒவ்வொரு லாஞ்சாகத் தான் கிடக்கும் இடத்தை உள்ளபடி சொல்லி, இங்கே இல்லை, இங்கே இல்லை என்றது. பொழுது சாய்கையில் தெற்கே கண்டுபிடித்தார்கள். அதற்குள் குடல்வால் வெடித்திருந்தது. கரை சேருமுன் அண்ணன் போய்விட்டார். தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீரும் கொடுக்காமல் அனுப்பினோமே என்ற வேதனை என்னைத் தின்கிறது.

நோயாளிகளை விட்டுவிட்டு ஓடிவந்த டாக்டரம்மாவுக்கும், அன்று தேடிய லாஞ்சுக்காரர்களுக்கும், உடலை ஊர் சேர்க்க அலைந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

மச்சான், ஊருக்கு வந்தும் நீங்கள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கடைசிவரை அண்ணனின் தலையை மடியில் வைத்திருந்தவர் நீங்கள். மைனி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவிய போயாச்சு. நீயும் இல்லாம நான் எப்படிக் கிடப்பேன்? வீட்டுக்கு வா மக்கா."