மூலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்

எங்கள் குடும்பத்தில் படம் எடுக்கத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். இதை மாமாவே சொல்வார். அம்மாவின் தம்பி, சிங்கப்பூரில், மார்சிலிங் வீட்டில் எங்களோடுதான் இருந்தார். கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. எந்த மூலையில் எண்ணெய் சிந்தியிருக்கிறது, எந்த ஏணியின் கால் ஆடுகிறது என்று நாள் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர். கேமராவைக் கண்ணில் வைத்ததும் அந்தப் புத்தியெல்லாம் எங்கே போகுமோ, நடுவில் இருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு மருத்துவமனையில் ஷிப்ட் இருக்கும். அப்பா டாக்சியோடு சாலையில் இருப்பார். ஆகவே பதினொரு வயதுப் பெண்ணான என்னை மாமா தன் புகைப்பட வட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியறையில் அவர்கள் கூடுவார்கள். காலையில் எல்லாரும் சேர்ந்து எங்காவது போய்ப் படம் எடுப்பது, மதியம் மாடியில் உட்கார்ந்து அதைத் திரையில் போட்டுப் பார்ப்பது. யார் எந்தப் படத்தைப் போட்டாலும் "சூப்பர் லா" என்று, எங்கள் ஊர் "லா"வையும் சேர்த்து, சொல்ல வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம் இது.

குறை என்று ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். சிங்கப்பூர் சின்ன ஊர். இன்றைக்கு நீங்கள் குறை சொன்னவர் நாளைக்குத் தைப்பூசத்தில் உங்களுக்கு முன்னால் பால்குடத்தோடு நிற்பார்; அடுத்த வாரம் கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்திருப்பார். ரசம் தொண்டையில் இறங்க வேண்டாமா? அதனால் கை நடுங்கி எடுத்த படமும் சூப்பர்தான், மூடியைக் கழற்றாமல் எடுத்த படமும் சூப்பர்தான்.

ஆனால் தீபாவளியை ஒட்டிச் சமூக மன்றத்தில் நடக்கும் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கிறவர்கள் வெளியாட்கள். அவர்களுக்கு யாருடைய பந்தியிலும் உட்கார வேண்டிய கவலை இல்லை. மாமாவின் படங்கள் வருடா வருடம் மாடியறையில் கைதட்டல் வாங்கும், சமூக மன்றத்துக்குப் போகும், போன வேகத்திலேயே வீட்டுக்குத் திரும்பி வரும். ஏன் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. யாராவது சொன்னால்தானே?

அந்த வருடம் அம்மாவின் பொறுமை தீர்ந்துவிட்டது. மாமாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. பெண் பார்க்கக் கூப்பிட்டால், "ஞாயித்துக்கிழமை அவுட்டிங் இருக்குக்கா" என்று நழுவிக்கொண்டிருந்தார். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் பேச்சு முற்றியது.

"சரிக்கா. இந்த வருஷம் என் படம் சுவத்துல ஏறலைன்னா கேமராவ மூட்டை கட்டிடறேன். நீ யாரைப் பார்க்கச் சொல்றியோ வந்து பார்க்கறேன். போதுமா?"

அம்மா உடனே சம்மதித்தார். அவர் முகத்தைப் பார்த்தால், தேர்வுக் குழுவுக்கு ஒரு டப்பா முறுக்கு அனுப்பித் தம்பியின் படத்தைத் தள்ளிவிடச் சொல்லலாமா என்று யோசிப்பதுபோல இருந்தது. எனக்கு வேறு கவலை. மாமாவின் கேமரா போனால் என் ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடுமே.

அடுத்த கூட்டத்தில் வட்டத்தின் தலைவர் எழுந்து நின்றார். ஆள் உயரத்துக்குக் கேமரா முக்காலியும் கை நீளத்துக்கு லென்ஸும் வைத்திருக்கிற பெரிய மனிதர். போன வருடம் கண்காட்சிக்கு வந்தவர்கள் படங்களைத் தாண்டி நேராகப் பரோட்டா மேசைக்குப் போய்விட்டார்கள் என்று வருத்தப்பட்டார். இந்த முறை படங்களை அனுப்புவதற்கு முன்னால் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்து விளக்கமாகக் கருத்துச் சொல்ல வேண்டும் என்றார்.

"யாரு வாலண்டியர்?"

ஒருவர் கைப்பேசியைத் துடைத்தார். இன்னொருவர் கழிவறைக்குப் போனார். என் கை தானாக மேலே போனது.

எனக்கு அதில் பயிற்சி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் தமிழ் வாய்மொழித் தேர்வில் காணொளி கிடையாது. ஒரு படத்தைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். அம்மா என்னை அதற்காகப் பிழிந்தெடுத்துக்கொண்டிருந்தார். "மூலையிலேர்ந்து ஆரம்பி. நடுவுல இருக்கறது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். மூலையிலதான் மார்க் இருக்கு" என்பார். அது உண்மை. தேர்வுப் படங்களில் நடுவில் எல்லாரும் சந்தோஷமாகப் பழம் வாங்கிக்கொண்டிருப்பார்கள். மூலையில் ஒரு பையன் பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்கு ஓடுவான். மூலையைப் பார்த்த பிறகு முகங்களைப் பார்க்க வேண்டும், அவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும், கடைசியில் ஒரு நற்கருத்தோடு முடிக்க வேண்டும். நற்கருத்து இல்லாமல் முடித்தால் அம்மா மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்வார்.

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வா வா. சின்னப் பிள்ளைதானே, யாரு கோவிச்சுக்கப் போறா?" அறை முழுக்க நிம்மதிப் பெருமூச்சு. பெரியவர்களுக்குத் தலைக்கு மேல் இருந்த கத்தி விலகியது. அந்தக் கத்தி என் கையில் இருக்கிறது என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது.

முதலில் தலைவரின் படம். கோயில் வாசலில் ஒரு மணப்பெண். நான் திரைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று, தேர்வுக்குரிய குரலில் ஆரம்பித்தேன்.

"இந்தப் படத்தில் நான் காண்பது ஒரு திருமணக் காட்சி. இடது மூலையில் ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது. படத்திலேயே அதுதான் பளிச்சென்று தெரிகிறது. மணப்பெண்ணின் தலையிலிருந்து ஒரு விளக்குக் கம்பம் முளைத்திருக்கிறது. அவர் முகத்தில் கவலை தெரிகிறது. கம்பம் கனமாக இருக்கலாம். ஆகவே, நாம் சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும்."

யாரோ முதலில் சிரித்தார்கள், அடுத்து அறையே வெடித்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார். "ஐயோ, ஆமா லா!" என்றார். இத்தனை வருடத்தில் அந்த அறையில் சொல்லப்பட்ட முதல் உண்மை அது. அதற்குப் பிறகு எனக்கு ஏக மரியாதை. "என்னுதையும் பாரும்மா", "என்னுதச் சொல்லு" என்று ஆளாளுக்கு முன்னே வந்தார்கள். ஒருவர் படத்தில் அடிவானம் சரிந்து கடல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னொருவர் படத்தில் பாதி நாய்தான் இருந்தது, அதுவும் பின்பாதி. சொல்லச் சொல்ல எனக்கு அரை அடி உயரம் கூடியதுபோல இருந்தது.

கடைசியாக மாமா. மூன்று படங்கள் வைத்திருந்தார். தோ பாயோ கோயிலில் ஒரு தேர், பொங்கோல் நீர்வழிப் பாலம், தேக்காச் சாலைக்குக் குறுக்கே தீபாவளி விளக்குகளால் செய்த பெரிய மயில். என்னைப் பார்த்துக் கண்சிமிட்டினார். ஆனால் கை முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தது. மாமாவைக் காப்பாற்ற வேண்டும் என்ற வெறியோடு நான் மூலைகளை மேய்ந்தேன்.

"தேர்ப் படத்தில் வலது ஓரத்தில் ஒரு பெண்மணி நிற்கிறார். அவர் நம்ம பொங்கோல் அக்கா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பொங்கோல் அக்கா எப்போதும்போலக் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வீடு பொங்கோலில்; வட்டத்தில் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். பல் மருத்துவமனையில் வேலை. ஒரு அவுட்டிங்கையும் விடமாட்டார். ஒரு படத்தையும் திரையில் போட்டதில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு வாரமும் குடிக்க மைலோ வாங்கிக்கொண்டு வருவார்.

"பாலத்துப் படத்தில் இடது ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரும் பொங்கோல் அக்காதான். மயில் படத்திலும் வலது மூலையில் இருக்கிறார். கழுத்தில் கேமரா தொங்குகிறது. ஆனால் அவர் எதையும் படம் எடுக்கவில்லை. எல்லாரும் மயிலைப் பார்க்கிறார்கள். அக்கா மட்டும் படம் எடுப்பவரைப் பார்க்கிறார். மூன்று படத்திலும் அப்படித்தான். அவர் முகத்தில் எதையோ எதிர்பார்க்கும் பாவனை தெரிகிறது. ஒருவேளை அவர் பேருந்துக்காகக் காத்திருக்கலாம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் நற்கருத்துக்கு வந்தேன்.

"ஆகவே, படம் எடுக்கும்போது நாம் ஓரங்களையும் கவனிக்க வேண்டும். அக்கா, கோவிச்சுக்காதீங்க. அக்காவை வெட்டிவிட்டால் மாமாவின் படம் கண்டிப்பாகத் தேர்வாகும்."

மாமா எழுந்து வந்தார். திரைக்கு முன்னால் நின்றார். மயிலின் நிறமெல்லாம் அவர் சட்டையில் விழுந்தது. வலது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாலத்தைப் போடச் சொன்னார், தேரைப் போடச் சொன்னார், மறுபடியும் மயிலைப் போடச் சொன்னார். தன் படத்தைத் தானே முதல்தடவை பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

"வெட்டிரலாம் தம்பி, ரெண்டு நிமிஷ வேலை" என்றார் தலைவர்.

"சாரி லா. நான் குறுக்க வந்துட்டேன் போல" என்றார் அக்கா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். முகம் சிவந்து போயிருந்தது.

மாமா திரும்பினார். "வெட்ட வேணாம்" என்றார். "வேணும்னா மயில வெட்டிக்கலாம்."

அக்கா கதவருகில் நின்றார். போகவில்லை. பையைக் கழற்றவும் இல்லை. அறையிலிருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் திடீரென்று கீழே போய்த் தேநீர் குடிக்க வேண்டும் என்று தோன்றியது. தலைவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இன்னும் ஒரு கருத்து பாக்கியிருக்கிறது, முக்காலி ஆடியிருக்கிறது என்று நான் படிக்கட்டு முழுக்கச் சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

மாமா சொன்னபடியே செய்தார். அக்காவிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு, அவ்வளவு பெரிய மயிலை வெட்டித் தள்ளினார். படத்தில் மிச்சம் இருந்தது அக்காவின் முகமும், அதன்மேல் விழுந்த பச்சையும் நீலமுமான வெளிச்சமும்தான். இது உருப்படாது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. மயில் எங்கே, தீபாவளி எங்கே? கேமராவை மூட்டை கட்டப் பழைய துணி எடுத்து வைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

படம் தேர்வானது. தேர்வானதோடு நிற்காமல், சமூக மன்றத்தில் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரின் நட்டநடுவில் ஏறியது! பரோட்டா மேசைக்குப் போகிறவர்கள் அதன் முன்னால் நின்றார்கள். ஒரு சீனப் பாட்டி வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தலைவரின் மணப்பெண்ணும் கம்பம் இல்லாமல் பக்கத்துச் சுவரில் இருந்தாள். எனக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் "தொண்டூழியர்" என்று, அதாவது வாலண்டியர் என்று, போட்டிருந்தது. அதை மாட்டிக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஒவ்வொரு படத்தையும் மூலையிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இருந்த பெருமை, பின்னாளில் பட்டம் வாங்கியபோதுகூட எனக்கு வரவில்லை.

அம்மா மருத்துவமனையிலிருந்து நேராக, சீருடையோடு வந்தார். பந்தயத்தில் தோற்ற முகம். மாமாவின் படத்துக்கு முன்னால் வந்து நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். படத்தைப் பார்த்தார். சற்றுத் தள்ளி, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்த தம்பியைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"யாருடி இது?" என்று என்னிடம் கேட்டார்.

"அது ஒரு தப்பும்மா" என்றேன். "மாமா கவனிக்கவே இல்ல. நான்தான் கண்டுபிடிச்சேன். வெட்டச் சொன்னேன், மாமா கேக்கல. பொங்கோல் அக்கா, அதோ அங்க உக்காந்திருக்காங்க பாருங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. என் தலையில் ஒரு குட்டு வைத்து, அதே கையால் என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு சீருடையை நீவிச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தைத் தாண்டி நேராகப் பொங்கோல் அக்காவிடம் போய், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

எல்லார் முன்னாலும் அக்காவை வெட்டச் சொல்லிவிட்டேனே, அதற்காக எனக்குப் பதிலாக மன்னிப்புக் கேட்கப் போயிருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். நல்ல அம்மா. ஆனாலும் பரோட்டா தீர்ந்து, நாற்காலிகளை மடக்கி, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறவரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சின்ன மன்னிப்புக்கு இவ்வளவு நேரமா ஆகும் என்று அட்டையைக் கழற்றாமல் வாசலில் காத்துக்கொண்டு நின்றேன்.