காலுக்குள் ஒரு வட்டை விதானை

என் வலது முழங்காலில் கட்டி வந்ததும் வீட்டில் எல்லோரும் வைத்தியரானார்கள். மனைவி உப்பு ஒத்தடம் கொடுத்தாள். மகன் களுவாஞ்சிக்குடியிலிருந்து முறிவு வைத்தியரைக் கூட்டி வந்தான். எலும்பு எங்கும் முறியவில்லை என்பதை அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் பூசி, இலை வைத்து, ஐந்து சுற்றுத் துணி கட்டிவிட்டுப் போனார். சுற்றுகளை நான்தான் எண்ணினேன். வேறு வேலை எனக்கு இல்லை.

கட்டி பெருத்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்பில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். முழங்காலுக்கு மேலே காலை எடுக்க வேண்டும், தாமதித்தால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று நாளும் குறித்தார்கள்.

அப்போதுதான் எல்லோருக்கும் என் தங்கையின் மகள் நினைவுக்கு வந்தாள். வெளிநாட்டில் எலும்புப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறவள். எங்கள் வீட்டில் ஆராய்ச்சி என்றால் மருந்து போத்தலில் தயாராக இருக்கிறது என்று பொருள்.

"எங்கட புள்ள மருந்து கண்டுபிடிச்சிட்டாள். இவர்ர கால வெட்டத் தேவையில்ல" என்று மனைவி பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வந்தவர்களால் பதினொரு பிஸ்கற் பெட்டிகள் சேர்ந்தன. உருப்படியான புத்தி ஒன்றுகூடச் சேரவில்லை. மகன் என்னைக் கேளாமலே ஆஸ்பத்திரி நாளைத் தள்ளிவைத்தான். கால் என்னுடையது என்பது சின்ன விசயம்தானே.

அந்த மருமகள் தொலைபேசியில் வந்தாள். மகன் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

"மாமா, புரதம் செய்யிறதுக்குக் குறிப்புக் கொண்டு போற ஆர்.என்.ஏ எண்டு ஒண்டு இருக்கு. நான் பாக்கிறது அந்தக் குறிப்பே இல்லாத ஆர்.என்.ஏக்கள."

"வேலை செய்யாததுகள என்னத்துக்கு ஆராயிற?"

"நீங்க உன்னிச்சையில வட்டை விதானையா இருந்தீங்கதானே. ஒரு நாளாவது நாத்து நட்டீங்களா?"

நடவில்லை. இருபத்திரண்டு போகம் உன்னிச்சைக் குளத்து வயல்வெளிக்கு நீர் பங்கிட்டேன். சேற்றில் கால் வைத்ததில்லை. குளத்து மதகான துருசின் திறப்புச் சாவி என் இடுப்பில் இருந்தது. எவன் வயலுக்குத் தண்ணீர் போகும், எவன் வயல் காத்திருக்கும் என்று சொல்வதே என் உத்தியோகம்.

"இதுகளும் அப்படித்தான் மாமா. எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும் எண்டு சொல்றதுகள். இந்த நோயில சிலது கட்டி வளரத் திறந்து விட்டிரும். கட்டியத் தடுக்கிற மரபணுவப் பூட்டி வச்சிரும். மறுகா அது நுரையீரலுக்குப் பரவும்."

என் முழங்காலைத் தின்றுகொண்டிருப்பவர்கள் என் தொழில்காரர்கள். ஓய்வுபெற்ற ஒருவனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

மனைவி தொலைபேசியைப் பறித்தாள். "அப்ப மருந்து எப்ப வரும் கிளி?"

"மருந்து இல்ல மாமி. இதுகள எப்படிப் பூட்டுறதெண்டு நாங்க இப்பதான் தேடுறம். அதுவரைக்கும் கட்டி பாத்துக்கொண்டு இருக்காது. எப்ப ஒப்பரேசன்?"

மனைவி மகனைப் பார்த்தாள். மகன் மின்விசிறியைப் பார்த்தான்.

"தள்ளி வச்சிட்டம்" என்றேன் நான்.

"எத்தின நாளைக்கு?" என்று கேட்டாள் மருமகள். வாயாடி அவள், இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது.

"வெள்ளம் வரக்குள்ள நான் கூட்டம் வச்சுக் கதைச்சதில்ல. நாளைக்கு விடியப் போறம். பையக் கட்டு புள்ள" என்றேன்.

மனைவி சாரம், துவாய், மாத்திரை எல்லாம் அடுக்கினாள். பிறகு என் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சேருங்க, இத..."

"ரெண்டையும் வை" என்றேன். "போகக்குள்ள ரெண்டும் வேணும்."