மார்கழியில் ஒரு நத்தார்க் கல்யாணம்

ராகு காலத்தில் கத்தரிக்கோலைத் தொடாத தையற்காரி என்று கண்டியில் யாரையாவது காட்டச் சொன்னால், கட்டுக்கலை இராஜகுமாரியைத்தான் காட்டுவார்கள். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அவசரமாக ஓடிவரும் பெண், ஒன்பது மணிவரை உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்த பிறகுதான் சாரிச் சட்டைக்கு அளவு கொடுக்கலாம். வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கியதும் நாள் பார்த்துத்தான். அது பழுதானபோது திருத்த ஆள் கூப்பிட்டதும் நாள் பார்த்துத்தான். நல்ல நாளுக்குக் காத்திருந்த அந்த இரண்டு நாளில் உள்ளே இருந்த மீன் என்ன ஆனது என்று அவளிடம் கேட்கக் கூடாது.

அப்பேர்ப்பட்டவளின் ஒரே மகள் நிரோஷினி, டிசம்பர் இருபத்தெட்டாம் திகதி கல்யாணம் என்று வந்து நின்றாள். அசல் மார்கழி. இவர்கள் பக்கத்தில் மார்கழியில் கோயிலுக்குப் போவார்கள், கோலம் போடுவார்கள். கல்யாணம் என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை திலக்ஷன் நாவலப்பிட்டிக் கத்தோலிக்கப் பையன். இருவரும் ஒரே வங்கியில் வேலை. இயேசு பிறந்த நத்தாருக்கு அலுவலகத்தில் வைத்த மரத்துக்கு மின்விளக்குச் சரம் சுற்றப் போன இடத்தில் பழக்கமாம். அதனால் கல்யாணமும் நத்தார் கோலத்திலேயே இருக்க வேண்டுமாம். மண்டபமெங்கும் சிவப்பும் பச்சையும், வாசலில் பெரிய நட்சத்திரம், மணி வடிவத்தில் கேக், பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்க நத்தார் தாத்தா, மேடையைச் சுற்றிப் பஞ்சில் பனி. எல்லாவற்றையும் கைபேசியில் படமாகக் காட்டினாள். அப்பா சேதுராமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். டிசம்பரில் கண்டியில் விழுவது மழைதானே, பஞ்சு நனைந்தால் யார் பிழிவது என்று கேட்டார். மகள் முறைத்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

இராஜகுமாரி மட்டும், "நல்லது" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் பெரிய கதை இருந்தது. வேதக்காரப் பையனா என்று இரண்டு வருடம் ஒற்றைக் காலில் நின்றவள் இவள். அதில் எட்டு மாதம் மகள் அவளோடு பேசவே இல்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. உப்புக் குறைவு என்பதைக்கூட அப்பா வழியாகத்தான் சொல்லி அனுப்பினாள். கடைசியில் பையனின் குணம்தான் இராஜகுமாரியை இளக்கியது. சேர்ச்சில் தாலி கட்டுவதற்குக்கூடத் தலையாட்டிவிட்டாள். இப்போது அவனைச் சொந்தப் பிள்ளையாகவே பிடித்துப்போயிருந்தது. ஆனால் மார்கழி வேண்டாம் என்று வாயைத் திறந்தால் யார் நம்புவார்கள்? மறுபடியும் சாக்குத் தேடுகிறாள் என்றுதான் மகள் நினைப்பாள். மறுபடி ஓர் எட்டு மாதத்தைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

அதற்காக மனம் கேட்கிறதா? மூன்று வாரமாக மணப்பெண்ணின் சட்டைத் துணி மேசையில் மடித்தபடியே கிடந்தது. சோறு இறங்கவில்லை. கணவரிடம் சொன்னால், நீயாச்சு உன் மகளாச்சு என்று நழுவினார். ஒரு சனிக்கிழமை, மகளுக்குச் சொல்லாமல், நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறினாள். சம்பந்தியம்மாவின் காலில் விழுந்தாவது நாளை மாற்றச் சொல்லிவிடலாம், பழியை அவர்கள் ஏற்றுக்கொண்டால் புண்ணியம் என்பது திட்டம். பஸ் கெலிஓயாவைத் தாண்டும்போதுதான் மணியைப் பார்த்தாள். ஒன்பதே முக்கால். சனிக்கிழமை ராகு காலத்தில் புறப்பட்டிருக்கிறாள். இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

திலக்ஷனின் அம்மா பிலோமினா அவளைக் கண்டதும் திடுக்கிட்டுப் போனார். கதிரையை இழுத்துப் போட்டார், கேக் வைத்தார், கேக்கின் மேல் இன்னொரு கேக்கும் வைத்தார். இராஜகுமாரி தொண்டையைச் செருமினாள். அவள் வாயைத் திறக்குமுன் பிலோமினாவே கையைப் பிசைந்துகொண்டு பேச ஆரம்பித்தார்.

"சம்மந்தியம்மா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. அந்த இருபத்தெட்டு எனக்கு வேணாங்க. ஏரோது ராசா சின்னப் புள்ளைகள எல்லாம் கொன்ன நாளு அது. எங்க வீட்டுல அன்னைக்குப் புதுத் துணி கூட உடுத்த மாட்டோம். புள்ளைக்கு நாளைக்கு ஒரு குழந்த குட்டின்னு வரணும்ல."

இராஜகுமாரி கடித்த கேக்கைத் தட்டில் திரும்ப வைத்தாள். பிறகு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"நாள் பாக்காம நீங்க கத்தரிக்கோலே எடுக்க மாட்டீங்கன்னு நிரோஷினி சொல்லிச்சு. நீங்கதான் பாத்துக் குறிச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். இப்பத்தான் மனசு எறங்கி வந்தீங்க, நான் போய்க் கெடுக்கவா?"

இராஜகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. மார்கழியைப் பற்றி அவள் சொல்லி முடிப்பதற்குள் பிலோமினாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அந்த முன்னறையிலேயே இறங்கிப்போனது. அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. தை பிறந்து இரண்டாம் ஞாயிறு. அப்போதும் கண்டியில் குளிர் இருக்கும். நத்தார் சோடனை? பெப்ரவரி இரண்டு காணிக்கை மாதா திருநாள் வரைக்கும் தன் வீட்டுப் பாலன் இயேசு குடிலைத் தான் பிரிப்பதே இல்லை, அதுவரை நட்சத்திரம் எரிந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றார் பிலோமினா.

மகளிடம் சொல்வதுதான் பாக்கி. பிலோமினாவே அழைத்து, நாள் வேண்டாம் என்றது தான்தான் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். திட்டப்படி இராஜகுமாரி பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. கைபேசியை வாங்கினாள்.

"எனக்குந்தான் வேணாம், புள்ள. மார்கழி அது. ஆனா பையன் மேல ஒரு குறையும் இல்ல, சாமி சத்தியமா."

சொன்ன பிறகுதான், போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"மார்கழின்னு எனக்குத் தெரியாதாம்மா? நத்தார் சமயத்துல மண்டபம் அன்னைக்குத்தான் கெடச்சிச்சு. நீங்க சண்டைக்கு வருவீங்க, மாத்திக்கலாம்னுதான் வந்து சொன்னேன். நீங்க நல்லதுன்னுட்டுப் போயிட்டீங்க. மூணு வாரமா வாயே தெறக்கல. என்னையக் கை கழுவிட்டீங்கன்னு நெனச்சேன்."

இராஜகுமாரி, சம்பந்தி வீடு என்றும் பார்க்காமல், எட்டு மாதமும் மூன்று வாரமும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டி ஏசினாள். கை கழுவுகிற ஆளா நான், உனக்குப் புத்தி எங்கே போனது என்று ஆரம்பித்தது எங்கெங்கோ போனது. மூச்சு வாங்க இவள் நிறுத்தியபோது, நிரோஷினி அழுதுகொண்டே சொன்னாள்.

"ஏசுங்கம்மா. இன்னும் கொஞ்சம் ஏசுங்க."