ஸஹீத் ஹாஜியாரின் உயிருள்ள கல்

சாய்ந்தமருதுக் கடற்கரையில், கடலில் எடுத்த முருகைக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு விற்றே வயிறு வளர்த்தவர் ஸஹீத். கல்லைப் பற்றி உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவருடைய நினைப்பு. கல்லில் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழிவார். நுரைத்தால் உயிருள்ள கல், நுரைக்காவிட்டால் செத்த கல். படிப்பு அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஊரில் மற்றவரெல்லாம் மடையர் என்று சொல்லித் திரிந்தார்.

தொண்ணூற்றாறில் ஸஹீதின் குடிக்கு, அந்தத் தாய்வழிச் சொந்தக் கூட்டத்துக்கு, மரைக்காராக இருந்தவர் மௌத்தாகி இடம் காலியானது. பள்ளிவாசலில் குடிக்காகப் பேசுகிற அந்தப் பதவி தாய்வழியில் வருவது. ஸஹீதின் உம்மாவும் பிடவைக் கடை மஜீட்டின் உம்மாவும் கூடப்பிறந்தவர்கள். ஆகவே போட்டி இந்த இருவருக்கும்தான். மஜீட் தன் சாரனைத் தவிர வேறெதையும் தூக்கி அறியாத மனிதர். அவரிடம் தோற்பதா? பள்ளியில் புதிதாகக் கட்டிய ஹவுழுக்கு, தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்கிற அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு, விளிம்புக் கல் தன் செலவு என்று ஸஹீத் அறிவித்துவிட்டார்.

மேசன் கதிர்காமத்தம்பியை லொறியில் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கத்துக் கல்குவாரிக்குப் போனார். வெட்டிய முகப்பில் கறுத்த பாறை ஒன்று வெள்ளைப் பாறைக்குள் புகுந்து கிடந்தது. இரண்டும் முட்டுகிற இடத்தில் பச்சையும் சிவப்புமாய் ஒரு பட்டை. மேற்பார்வையாளர் பாக்கியராசா மண்ணியல் படித்தவர்.

"ஹாஜியார், இந்தப் பட்டைக் கல்லை எடுங்க. புளியோ அசிட்டோ அதை ஒண்டும் செய்யாது. அந்தக் காலத்தில பாறைக்குழம்பு கொதிச்சுக்கொண்டு சுண்ணக்கல்லுக்குள்ள ஏறியிருக்கு. ஒட்டின இடத்தில குழம்பில இருந்த சிலிக்கா சுண்ணாம்போட சேர்ந்து புதுக் கல்லாயிட்டு. இந்தச் சிவப்பு மணியெல்லாம் கார்னட். தள்ளியிருந்த கல்லுக்குச் சூடு மட்டும்தான் பட்டது, அது வெள்ளை மாபிளாயிட்டு."

"தம்பி, சூடுபட்டா சுண்ணக்கல் சுண்ணாம்பாத்தான் போகும். சுட்டவன் நான்!"

"உங்கட சூளையில கல்லுக்குள்ள இருக்கிற காத்து வெளிய போயிடும். இது நிலத்துக்கு அடியில, மேல மலை அமுக்கிக்கொண்டிருக்க நடந்தது. காத்துப் போக வழியில்ல. அதால சுண்ணாம்பாகாம மணிமணியாத் திரும்ப இறுகினது."

"மலையால மூடி போட்டுச் சுட்டாங்களாம், கேட்டீங்களா மேசன்?"

மேசன் சிரித்தார். கூலி கொடுக்கிறவர் சிரித்தால் மேசனும் சிரிப்பார்.

ஸஹீத் தேசிக்காயைப் பிழிந்தார். பட்டைக் கல் பேசாமல் கிடந்தது. "மையத்து! செத்த கல்!" என்று அதைக் காலால் தள்ளினார். வெள்ளைக் கல் மெல்ல நுரைத்தது. லொறி நிறைய அதையே ஏற்றினார்.

கல் பதித்து முடிந்ததும் சீமெந்துக் கறை போகவில்லை. சீமெந்துத் தரை கழுவுகிற அசிட் கானைத் தூக்கி வந்து, ஜமாஅத்தார் பார்க்க, ஸஹீத் தன் கையாலேயே ஊற்றினார். விளிம்பு முழுக்கப் பொங்கியது.

"பாருங்க, எப்படி உயிரோட பொங்குது!"

"மாஷா அல்லாஹ்!" என்றார்கள் சிலர். அந்த வார்த்தையில் குளிர்ந்து இன்னும் ஊற்றினார்.

கழுவிப் பார்த்தபோது விளிம்பு தேநீரில் ஊறிய ரஸ்க் மாதிரி அரிபட்டுக் கிடந்தது. தடவிப் பார்த்தவரின் உள்ளங்கை சிராய்ந்தது. ஹவுழுக்குள் பால் போல வெண்சேறு.

"ஹவுழையே கரைச்சுப் போட்டீங்களே ஹாஜியார்," என்றார் குடியின் மூத்தவர் ஒருவர். "குடியையும் தந்தா அதையும் கரைச்சுடுவீங்க."

மஜீட் மரைக்காரானார். ஒன்றும் செய்யாதிருந்ததே அவருடைய தகுதியாயிற்று.

ஸஹீத் இப்போது வீட்டிலேயே வுழூச் செய்துகொண்டு பள்ளிக்கு வருகிறார். ஏன் என்று கேட்டால், "அந்தக் குவாரிக்காரன் கல்லை மாத்தி ஏத்திட்டான்," என்பார்.