பாலம் போடாத கேம்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நானும் என் தோழியும் சேர்ந்து ஒரு கொம்பியூட்டர் கேம் செய்தோம். மலையகத்து அட்டன் டவுனில் ஒரே வகுப்பில் கொம்பியூட்டர் படித்தவர்கள் நாங்கள். நான் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. அம்மா கொழுந்து எடுப்பவர். தோழி, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியரின் மகள். கொம்பியூட்டர் அவள் வீட்டில் இருந்தது. புரோகிராம் எழுதுவது என் வேலை. படம் வரைவது அவள் வேலை.

எங்கள் கேமில் ஒரு பெண் தேயிலை நிரைகளுக்குள் போய்க் கூடையை நிரப்ப வேண்டும். குளவி துரத்தும், அட்டை காலில் ஏறும். வேலை முடியும் சங்கு ஊதுவதற்குள் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். அங்கே நிற்கும் கணக்கப்பிள்ளை எவ்வளவு கொண்டுபோனாலும் இரண்டு கிலோவைக் கழித்துவிடுவார். அதைப் பார்த்து அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "தொர பாத்தாருன்னா சும்மா வுடுவாரா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு தடவை நிறுக்கச் சொன்னார்.

மூன்றாவது கட்டத்தில் ஓர் ஓடை வரும். அதன் மேல் பாலம் போடுவதற்கு முன்பே, வேறு மெஷினில் கேம் ஓடுகிறதா என்று பார்க்க, என் பெரியப்பா மகனிடம் ஒரு சீடி கொடுத்தோம். ஓடுகிறது என்றார் அண்ணன். சில வாரங்களில் அவருடைய மெஷின் பழுதானது. அட்டன் டவுனில் ஒரு மாடிக் கடையில் திருத்தக் கொடுத்தார். மெஷின் திரும்பி வந்தது. அதற்குள் இருந்த எங்கள் கேமைக் கடைக்காரர் பிரதி எடுத்துக்கொண்டது அண்ணனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

நாங்கள் பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தோம். பாலம் போட்டோம். அதற்கப்பால் இன்னும் ஐந்து கட்டங்கள். மாலையில் எல்லா வீட்டிலும் லைட் போட்டதும் கரண்ட் இறங்கி மெஷின் அணைந்துவிடும். செய்ததையே திரும்பச் செய்வோம். இப்படி ஒரு வருடம் போனது. கடைசியில் சீடி அடித்து, அவள் வரைந்த மேலட்டையைப் போட்டு, டவுனில் ஒரு புத்தகக் கடையில் விற்பனைக்கு வைத்தோம்.

அடுத்த வாரம் தோழியின் அப்பாவோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியர் கையில் ஒரு சீடியோடு வந்தார். "நூறு கேம்" என்று அதன் மேல் எழுதியிருந்தது.

"பிள்ளையள், கொம்பியூட்டர் படிச்சனீங்கள்தானே? இதில ஒரு கேம் ஆத்தோட நிக்குது. என்ர மகன் ஒரே அழுகை. எந்த மடையன் செய்தானோ, ஆத்தை வைச்சவன் பாலத்தை வைக்கேல்ல."

போட்டுப் பார்த்தோம். எங்கள் பெண், எங்கள் கூடை, எங்கள் ஓடை. தோழிக்கு முகம் சிவந்துவிட்டது. "சேர், அந்த மடையன் நாங்கள்தான்," என்றாள்.

பாலமில்லாத சீடியை அண்ணனுக்கு மட்டுமே கொடுத்திருந்தோம்; அவர் மெஷின் போன இடம் அந்த மாடிக் கடை ஒன்றுதான். மறுநாள் இருவரும் அங்கே ஏறினோம். முதலாளி கொஞ்சமும் பதறவில்லை.

"தங்கச்சி, ஏன் கோவப்படுறீங்க? ஒங்க கேம ராகல டவுன் வரைக்கும் ஆளுங்க வெளயாடுறாங்க. இதுக்கெல்லாம் யாரு வெளம்பரம் பண்ணுவா?"

"அது முடிக்காத கேம்ங்க! எங்களக் கேக்காம எப்படி எடுத்தீங்க?"

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "நீங்க இத எந்த சொப்ட்வெயார்ல செஞ்சீங்க? அந்த சீடிய எங்க வாங்குனீங்க?"

அவரிடம்தான் வாங்கியிருந்தோம். விண்டோஸ், படம் வரையும் சொப்ட்வெயார், புரோகிராம் எழுதும் சொப்ட்வெயார், எல்லாமே அந்தக் கடையில் பிரதி எடுத்தவை. அந்த ஆத்திரம் இன்றும் எனக்குத் தீரவில்லை. அதில் பாதி என் மேலேயே.

தோழிதான் சமாளித்தாள். பையிலிருந்து முடித்த கேமை எடுத்து மேசையில் வைத்தாள். "விக்கிறதெண்டால் இதையாவது வில்லுங்கோ. அந்தப் பழசை எடுத்துப்போடுங்கோ." நம் கையாலேயே கொடுக்கிறோமே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார்.

அடுத்து வந்த "நூற்றைம்பது கேம்" சீடியில் இரண்டுமே இருந்தன. ஒரே பெயர், ஒரே படம். பழசுதான் முதலில் வரும். அதில் ஓடையோடு நின்றவர்கள் இரண்டாவதைத் திறக்கவே இல்லை. கடைசிக் கட்டம் முடிந்த பிறகே எங்கள் பெயர்கள் வரும்படி செய்திருந்தோம். அதுவரை விளையாடிய ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை.

புத்தகக் கடைக்காரர் நல்ல மனிதர். எங்கள் சீடிகளைத் தூசி தட்டித் திருப்பிக் கொடுத்தார். "காட்டுனாலே, இது பாலம் போடாத கேம்தானே, எங்க வீட்லயே இருக்குங்கிறாங்க பிள்ள. நான் என்னத்தச் சொல்ல?" என்றார். பாலம் போட்டாயிற்று என்று கடை வாசலில் எழுதி வைக்கலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அந்த வருடம் தோழியின் அப்பாவுக்கு ஊருக்கே மாற்றல் கிடைத்தது. தேயிலைத் தொழிற்சாலையை வைத்து இரண்டாவது கேம் ஒன்றுக்குத் திட்டம் போட்டிருந்தோம்; அங்கே வாட்டப் பரப்பிய கொழுந்தைக்கூட வரைந்து வைத்திருந்தாள். கொஞ்ச நாள், நான் டவுனுக்கு வந்து ஒரு போன் கடையிலிருந்து எடுக்க, அதைப் பற்றிப் பேசினோம். ஒரு நாள் அவள், "செய்யலாம். ஆனா யாருக்கடி செய்யிறம்?" என்று கேட்டாள். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. அவளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. நான் கினிகத்தேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கப் போனேன்.